காணாப் பொருளும் காட்டும் கலையும்

மைசூர் நகரின் வடமேற்கே ஹெப்பாள் என்னும் பகுதி அமைந்துள்ளது. முன்னாளில் ஏரியையும் கழனியையும் சார்ந்திருந்த அச்சிற்றூர், இன்று தொழிற்பேட்டையும் கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் பரந்த பயிற்சி வளாகமும் சூழ்ந்த புறநகராக விளங்குகிறது. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், அங்கே உயரமான மாடி ஒன்றில் நின்று தென்கிழக்கே நோக்குவோர்க்கு ஒரு காட்சி புலப்படும். நகரத்து விளக்குகளுக்கு அப்பால், நிலத்துக்கும் வானுக்கும் இடையே, சில விளக்குகள் வரிசையாக மேலேறிச் செல்லும். அவற்றைத் தாங்கி நிற்பது எதுவோ, அது கண்ணுக்குத் தெரியாது. எனினும் நாம் ஐயுறுவதில்லை. விளக்குகள் அந்தரத்தில் நிற்க மாட்டா. ஆகவே அங்கே ஒரு மலை இருக்கவேண்டும் என்று முடிவு செய்கிறோம். விளக்குகள் எவ்வளவு உயரம் ஏறுகின்றன, எங்கே வளைகின்றன என்பதைக் கொண்டு மலையின் உருவத்தையுங்கூட ஒருவாறு மனத்தில் வரைந்துகொள்கிறோம். பொழுது புலர்ந்தால் சாமுண்டி மலை நம் கண்முன் நிற்கிறது.

பிரபஞ்சத்தை ஆராயும் விஞ்ஞானிகள் இன்று ஏறத்தாழ இதே நிலையில் இருக்கிறார்கள். அவர்கள் காண்பவை விளக்குகள். அதாவது நட்சத்திரங்களும் ஒளிரும் வாயுக்களுமாகும். அவற்றைத் தாங்கும் மலையை அவர்கள் கண்டதில்லை. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு, அவர்களுக்கு இன்னும் பொழுது புலரவில்லை என்பதே. கண்ணுக்குப் புலனாகாத அந்தப் பொருளைப் பற்றி விஞ்ஞானம் எவ்வாறு பேசுகிறது, கலை அதற்கு எவ்வாறு துணை நிற்கிறது, அத்துணையில் நேரக்கூடிய பிழைகள் யாவை என்பவற்றை ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கில் வராத எடை

சூரியனைச் சுற்றும் கிரகங்களின் வேகத்தை முதலில் கவனிப்போம். சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதன் வினாடிக்குச் சுமார் 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நமது பூமியின் வேகம் 30 கிலோமீட்டர். தொலைவில் உள்ள நெப்டியூன் 5.4 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல நகர்கிறது. எடை முழுவதும் நடுவில் குவிந்திருக்கும்போது, விலகிச் செல்லச் செல்ல ஈர்ப்பு விசை குறைகிறது. ஆகவே வேகமும் குறைகிறது.

கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்து சுழலும் நட்சத்திர மண்டலங்களிலும் இவ்வாறே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வாஷிங்டன் நகரில் உள்ள கார்னெகி நிறுவனத்தைச் சேர்ந்த வேரா ரூபின் என்ற அம்மையாரும் கென்ட் போர்டு என்பவரும் ஆண்ட்ரமீடா மண்டலத்தை ஆராய்ந்து 1970-ல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அம்மண்டலத்தின் ஓரத்தில் உள்ள வாயு மேகங்களும் வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றுகின்றன. எதிர்பார்த்தபடி வேகம் குறையவில்லை. அவ்வளவு வேகமாக ஓடுவன மண்டலத்தைவிட்டுச் சிதறிப் போகாமல் இருக்கவேண்டுமாயின், ஒளியைக் கொண்டு நாம் கணக்கிட்ட எடையைவிட மிகுதியான எடை அங்கே இருத்தல் வேண்டும். பின்னர் ஆராயப்பட்ட பல மண்டலங்களும் இதையே கூறின.

இதற்கு முன்னரே, 1933-ல், பிரிட்ஸ் ஸ்விக்கி என்னும் விஞ்ஞானி கோமா என்ற மண்டலக் கொத்தை ஆராய்ந்தபோது, அதன் உறுப்புகள் அளவுக்கு மீறிய வேகத்தில் அலைவதைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத பொருள் அங்கே இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அக்காலத்தில் அதைப் பெரிதாக எண்ணியோர் சிலரே.

இன்றைய கணக்கின்படி, பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் நாம் அறிந்த அணுக்களாலான பொருள் ஏறத்தாழ 5 சதவீதமே. மலையும் கடலும், நட்சத்திரங்களும், நம் உடலும் அதனுள் அடங்கும். சுமார் 27 சதவீதம் கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பொருள். எஞ்சிய 68 சதவீதம், பிரபஞ்சம் விரிவதை விரைவுபடுத்தும் மற்றொரு மர்மமான சக்தியாகும். அதைப் பற்றி இங்கே நாம் ஆராயப் போவதில்லை.

ஈர்ப்பு விதியையே திருத்தி எழுதினால் இந்தப் பொருள் தேவைப்படாது என்று 1983-ல் மோர்டெகை மில்க்ரோம் என்பவர் ஒரு கொள்கையை வெளியிட்டார். அதைப் பின்பற்றி ஆராய்வோர் இன்றும் உளர். எனினும் பலவகை அளவீடுகளையும் ஒருங்கே விளக்குவதில் காணாப் பொருட் கொள்கையே வலுவுடையது என்பது பெரும்பாலோர் கருத்து.

பெயரில் உள்ள சிக்கல்

இதை எழுதுபவன் விஞ்ஞானி அல்லன். மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டவன். ஆதலால் இப்பொருளுக்கு என்ன பெயரிடுவது என்பதே எனக்கு நேர்ந்த முதல் இடர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கட்டுரையில் 'கரும்பொருள்' என்று எழுதினேன். அச்சாகி வந்தபோது எங்கும் 'கருப்பொருள்' என்றிருந்தது. ஒரே ஓர் எழுத்தின் மாற்றம். தமிழிலக்கணம் பயின்ற ஆசிரியர்கள் அதைப் படித்து, முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் வரிசையில் விண்ணியலார் புதிதாக ஏதோ சேர்த்துவிட்டனர் போலும் என்று எண்ணியிருப்பார்கள்!

அச்சுப் பிழை திருத்தக்கூடியது. அதனினும் பெரிய பிழை ஒன்று இருந்ததைப் பின்னர் உணர்ந்தேன். ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில், நடுத்தர வயதுடைய ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, கரும்பொருள் என்று சொன்னவுடனே பிள்ளைகள், 'அது நிலக்கரி மாதிரியா, டீச்சர்?' என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கரிய பொருள் ஒளியை விழுங்குகிறது. அதனாலேயே அது கரியதாகத் தோன்றுகிறது. நாம் பேசும் பொருளோ ஒளியை உமிழ்வதும் இல்லை, விழுங்குவதும் இல்லை, திருப்பி அனுப்புவதும் இல்லை. ஒளி அதனூடே தடையின்றிச் சென்றுவிடுகிறது. தூய கண்ணாடியைவிடத் தெளிவானது அது. 'கருமை' என்னும் சொல் அதன் இயல்புக்கு நேர்மாறான படத்தை மாணவர் மனத்தில் எழுதிவிட்டது.

'ஒளிராப் பொருள்' எனலாமா? நம் பூமியும் தானே ஒளிர்வதில்லை. கல்லும் மண்ணும் ஒளிர்வதில்லை. 'காணாப் பொருள்' எனின், தொலைந்துபோன பொருள் என்று கொள்ளவும் இடமுண்டு. 'ஒளிசாராப் பொருள்' என்பது கருத்தளவில் பொருத்தமானது. எனினும் வழக்கில் ஏறாத சொல். ஆராய்ந்து பார்த்தபின், 'இருட்பொருள்' என்பதை இனி இக்கட்டுரையில் கையாளுகிறேன். சாமுண்டி மலையை இரவில் மறைப்பது மலையின் நிறம் அன்று, இருள். அதுபோல, இங்கே 'இருள்' என்பது அப்பொருளைப் பற்றிய நம் அறிவின் நிலையைக் குறிக்கிறது என்று ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட வேண்டும். அவ்விளக்கமின்றி எந்தப் பெயரும் நிறைவு பெறாது.

வண்ணம் யாருடையது?

பெயரால் நேரும் மயக்கம் படத்தாலும் நேரக்கூடும். இருட்பொருளைப் பற்றிய நூல்களில் பெரும்பாலும் இடம்பெறும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றோடொன்று மோதி ஊடுருவிச் சென்ற இரண்டு மண்டலக் கொத்துகளின் படம் அது. 'தோட்டாக் கொத்து' என்று அதை அழைப்பர். அதைப் பற்றிய முக்கியமான ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. படத்தின் நடுவே இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு திட்டுகளும், அவற்றுக்கு வெளிப்புறத்தில் நீல நிறத்தில் இரண்டு மேகங்களும் உள்ளன. 'நீலமாக இருப்பதே இருட்பொருள்' என்று பல நூல்கள் அடிக்குறிப்பு எழுதுகின்றன.

உண்மை யாது? இளஞ்சிவப்புத் திட்டுகள் எக்ஸ் கதிர்களை வெளியிடும் கொதிவாயு இருக்கும் இடங்கள். எக்ஸ் கதிர்களுக்கு நம் கண் அறியும் நிறம் கிடையாது. நீலத் திட்டுகள் எடை மிகுதியாக உள்ள இடங்கள். பின்னால் உள்ள தொலைதூர மண்டலங்களின் ஒளி அவ்வெடையின் ஈர்ப்பால் வளைந்து, அவற்றின் உருவங்கள் சற்றே நீண்டு திரிந்து தோன்றுகின்றன. அத்திரிபுகளை ஒவ்வொன்றாக அளந்து, இன்ன இடத்தில் இவ்வளவு எடை என்று கணக்கிட்டு, அக்கணக்குக்கு நீல வண்ணம் பூசினர். மோதலின்போது வாயுக்கள் ஒன்றையொன்று தடுத்து நடுவே தங்கிவிட்டன. எடையின் பெரும்பகுதியோ தடையின்றி அப்பால் சென்றுவிட்டது. இருட்பொருள் உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. சான்று கணக்கில் இருக்கிறது. நீலம் மட்டும் ஓவியரின் தெரிவு. அவர் பச்சை பூசியிருப்பின் நம் மாணவர்கள் இன்று இருட்பொருளைப் பச்சை மேகம் என்று எண்ணியிருப்பார்கள்.

இதைக் குறையாகக் கூறவில்லை. வண்ணம் பூசாதிருந்தால், எண்கள் நிறைந்த அட்டவணையை எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எது அளந்தது, எது வரைந்தது என்பதைப் படத்தின் கீழே சொல்லிவிட்டால் கலையும் பிழைபடாது, விஞ்ஞானமும் பிழைபடாது.

விஞ்ஞானமும் கலையும் ஒரே கூரையின்கீழ் இப்பொருளை ஆராய்ந்த முயற்சிகள் அண்மைக் காலத்தில் நடைபெற்றுள்ளன. லண்டனில் உள்ள சயன்ஸ் காலரி என்னும் காட்சிக்கூடம், பிரபஞ்சத்தின் 95 சதவீதத்தைக் காணவில்லை என்ற தலைப்பில் 2019-ல் இருட்பொருள் கண்காட்சி ஒன்றை நடத்தியது. மெல்போர்ன் நகரில் உள்ள அதே பெயர்கொண்ட கூடம் 2023-ல் இப்பொருள் பற்றியே மற்றொரு கண்காட்சி அமைத்தது. அந்த வரிசையைச் சேர்ந்த கூடம் ஒன்று நம் நாட்டிலும் 2024 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது பெங்களூரில் பல்லாரி சாலையில் இருக்கிறது. அச்சாலை வடக்கே செல்லும் வழியில் உள்ள ஊரின் பெயரும் ஹெப்பாள் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. மைசூர் ஹெப்பாளுக்கு எதிரே, சாமுண்டி மலையடிவாரத்தில் உள்ள மைசூர்ப் பல்கலைக்கழக வளாகத்தில், கோளரங்கத்தோடு கூடிய அண்டவியல் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் ஒன்றுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்திய வானியற்பியல் கழகத்தின் முயற்சி அது. இத்தகைய இடங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், காட்சியின் வண்ணத்தில் மயங்காமல், அதன் அடிப்படையைக் கேட்டறியப் பழக்குதல் வேண்டும்.

மெழுகு உருகிய வார்ப்பு

கலையால் விஞ்ஞானம் பெறும் பயன் வெறும் அலங்காரந்தானா? அன்று. சில வேளைகளில், ஒரு கருத்தைப் பற்றிக்கொள்வதற்கு வேண்டிய கைப்பிடியையே கலை நமக்குத் தருகிறது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த உதாரணம் உண்டு.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் செப்புத் திருமேனிகளை வார்க்கும் முறையைப் பலர் அறிவர். முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வர். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பர். பின்னர் நெருப்பில் இட்டதும் மெழுகு உருகி வெளியேறிவிடும். உள்ளே எஞ்சுவது வெற்றிடமே. உருக்கிய உலோகத்தை அதில் ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிவின் வடிவத்தையே உலோகம் ஏற்கிறது. திருமேனியின் ஒவ்வொரு வளைவும் முன்னதாகவே அச்சினுள் தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

நட்சத்திர மண்டலங்கள் தோன்றிய வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தில் இருட்பொருள் தன் ஈர்ப்பினால் ஆங்காங்கே திரண்டு குவிந்தது. பின்னர், சாதாரண வாயுக்கள் அக்குவியல்களின் நடுவே வீழ்ந்து, குளிர்ந்து, நட்சத்திரங்களாயின. இருட்பொருள் அச்சு, நாம் காணும் ஒளிமிக்க மண்டலம் அதில் வார்த்த உலோகம். உவமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்தபதி வார்ப்பு முடிந்ததும் மண்ணச்சை உடைத்துவிடுகிறார். மண்டலத்தைச் சூழ்ந்த இருட்பொருளோ இன்றும் அங்கேயே இருக்கிறது. சூரியன் பால்வீதியில் ஓடும் வேகத்திலும் அதன் பங்கு உண்டு.

இக்கலை மரபின் ஓர் உருவம், இருட்பொருளைத் தேடும் இடம் ஒன்றிலேயே நிற்கிறது. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், இந்திய அரசாங்கம் அன்பளிப்பாக வழங்கிய 2 மீட்டர் உயரமுள்ள நடராஜர் திருவுருவம் 2004 ஜூன் 18-ந் தேதி திறந்துவைக்கப்பட்டது. அந்நிலையத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வட்டத்தில் அணுத்துகள்களை மோதவிட்டு நடத்தும் சோதனைகளில், இருட்பொருளுக்குரிய துகள் தோன்றுகிறதா என்பதும் ஆராயப்படுகிறது. இதுகாறும் தோன்றியதாகச் சான்று இல்லை.

மைசூர்ப் பட்டதாரியின் கேள்வி

இருட்பொருள் எத்தகைய துகளால் ஆனது என்ற ஆராய்ச்சியில் நம் நாட்டவருக்கும் தொடக்க காலத்திலேயே பங்கு உண்டு. 1958-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ராமநாத் கௌசிக் என்பவர், பின்னர் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். அமெரிக்காவைச் சேர்ந்த ஜே. மெக்லெலண்டுடன் இணைந்து 1972, 1973-ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. நியூட்ரினோ என்னும் நுண்துகள் பிரபஞ்சமெங்கும் கணக்கற்று நிறைந்துள்ளது. அது ஒளியோடு தொடர்பற்றது. அதற்குச் சிறிதேனும் எடை இருக்குமாயின், மண்டலக் கொத்துகளைக் கட்டிவைத்திருக்கும் ஈர்ப்பு அதனுடையதாக இருக்கலாகாதா?

அந்த நியூட்ரினோவின் வரலாற்றில் பழைய மைசூர் ராஜ்யத்துக்கு மற்றோர் இடமும் உண்டு. கோலார் தங்கவயலில், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கங்களின் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் கூடிக் கருவிகளை அமைத்தனர். மேலே உள்ள பாறை விண்வெளிக் கதிர்களை வடிகட்டிவிடும். எதற்கும் தடைபடாத துகள்கள் மட்டுமே கீழே வந்து சேரும். நிலமட்டத்துக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் அடையாளம் 1965-ல் அங்கே பதிவாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது பதிவாயிற்று. உலகில் இவையே முதன்முறை. கோலார்ச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

கௌசிக் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நியூட்ரினோவுக்கு எடை உண்டு. ஆனால் அது மிகச் சொற்பம். எலக்ட்ரானின் எடையைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கினும் குறைவு. இருட்பொருளின் பெரும்பகுதியாக நியூட்ரினோ இருத்தல் இயலாது. எனினும், நாம் அறியாத துகள் ஒன்றே பிரபஞ்சத்தின் ஈர்ப்பை ஆளக்கூடும் என்னும் எண்ணத்துக்கு வழிகோலியவற்றுள் அக்கட்டுரைகளும் சேரும்.

அத்தகைய துகளைத் தேடும் பணி சுரங்கங்களில் இன்றும் தொடர்கிறது. ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில் 2017-ல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே கொதிநிலையைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கும் திரவத் துளிகளைக் கூழ் போன்ற பொருளில் பதித்து வைத்துள்ளனர். துகள் ஒன்று வந்து மோதினால் துளி சட்டென்று ஆவியாகிக் குமிழாகும். அதன் மெல்லிய ஓசையைக் கருவி கேட்டுப் பதிவு செய்யும். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாகாணத்தில், பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில் 7 டன் திரவ செனான் வாயுவைக் கொண்டு தேடி, 2024-ல் வெளியிட்ட முடிவிலும் இருட்பொருள் அகப்படவில்லை என்றே கூறினர்.

ஏரியில் மிதந்த கருவி

தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்வதும் விஞ்ஞானத்தில் ஒரு பயனுள்ள செய்தி. இதை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று கர்நாடகத்து நீர்நிலைகளில் நடந்தது.

முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்தில் பிரபஞ்சத்தை நிறைத்திருந்த ஹைட்ரஜன் வாயு, 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையோடு தொடர்புடையது. பிரபஞ்சம் விரிந்ததால் அவ்வலையும் நீண்டு, இன்று ஏறத்தாழ 4 மீட்டர் அலையாக நம்மை வந்தடைகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கருவி வைத்திருந்த அமெரிக்க விஞ்ஞானிகள், அந்த அலையின் அடையாளத்தைக் கண்டதாக 2018-ல் அறிவித்தனர். அவர்கள் கண்ட அளவு எதிர்பார்த்ததைப் போல் இருமடங்குக்கும் மேலாக இருந்தது. அவ்வாறெனின், அக்கால வாயு நாம் நினைத்ததைவிட மிகவும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இருட்பொருளோடு உராய்ந்தே அது வெப்பத்தை இழந்திருக்கலாம் என்று ரென்னன் பர்கானா என்ற விஞ்ஞானி எழுதினார். உலகெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. அச்செய்தி மெய்யாயின், ஈர்ப்பைத் தவிர வேறு வழியில் இருட்பொருள் தன்னை முதன்முறையாக வெளிப்படுத்தியதாகும்.

பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தினர் இதைத் தாமே சோதித்துப் பார்க்க முனைந்தனர். அவர்கள் உருவாக்கிய 'சரஸ் 3' என்னும் கருவியைத் தரையில் வைப்பதில் ஓர் இடையூறு இருந்தது. மண்ணுக்கடியில் உள்ள பல அடுக்குகள் அலைகளைப் பலவாறு எதிரொலித்துக் கணக்கைக் குழப்பும். ஆகவே, நீர் ஒரே சீராக இருக்கும் என்பதனால், கருவியை மிதவையில் ஏற்றி, 2020-ன் தொடக்கத்தில் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டனர். அவர்களது முடிவு 2022 பிப்ரவரியில் வெளியாயிற்று. அமெரிக்கர் கண்ட வடிவிலான அடையாளம் தம் பதிவில் இல்லை. 95 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட உறுதியோடு அதை மறுக்கலாம் என்று அவர்கள் அறிவித்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு ஐயம் எஞ்சுகிறது என்பதையும் அந்த எண்ணே கூறுகிறது. மற்றக் குழுக்களும் இதைத் தொடர்ந்து சோதித்து வருகின்றன.

காணாததை நம்புவதும் கணக்கிடுவதும்

ஏரியில் நடந்த இச்சோதனையைக் கிராமப் பணியாளர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். ஏனெனில், "கண்ணுக்குத் தெரியாத சக்தி உண்டு என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று கூறி, நோய் தீர்க்கும் தகடு என்றும், வீட்டுத் தோஷம் நீக்கும் யந்திரம் என்றும் விற்பனை செய்வோர் உண்டு. மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய பணம் அவர்கள் பைக்குச் செல்கிறது. இருட்பொருள் என்னும் சொல் அவர்களுக்கு ஒரு புதிய வியாபாரப் பெயராக அமைந்துவிடக்கூடாது.

அவர்களுக்கு விடை கூறுவது எளிது. இருட்பொருளைப் பற்றிய ஒவ்வொரு கூற்றும் ஓர் எண்ணைக் கொண்டிருக்கிறது. இன்ன இடத்தில் இவ்வளவு எடை, இன்ன அலைநீளத்தில் இவ்வளவு குறைவு என்று முன்கூட்டியே சொல்லி, அது பொய்யாகும் வழியையும் திறந்து வைக்கிறார்கள். ஓர் ஏரியில் மிதந்த கருவியால் உலகப் புகழ்பெற்ற ஓர் அறிவிப்பையே ஐயத்துக்கு உள்ளாக்க முடிந்தது. தகடு விற்பவரிடம், "எந்த அளவீடு வந்தால் உமது தகடு பயனற்றது என்று ஒப்புக்கொள்வீர்?" என்று கேட்டுப் பார்க்கலாம். அவரிடம் அதற்கு விடை இராது. மேலும், இருட்பொருள் நம் உடலினூடே ஒரு விளைவும் தெரியாதபடி கடந்து செல்கிறது. கருவிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் அகப்படாத ஒன்றைத் தகட்டில் அடைத்து விற்றல் எங்ஙனம்?

வகுப்பறைக்கு மூன்று சோதனைகள்

இனி, செலவின்றி வகுப்பில் செய்து காட்டக்கூடிய மூன்றைக் கூறுவோம்.

முதலாவது, ஒரு சிறு துணி உருண்டையை நூலில் கட்டித் தலைக்குமேல் சுழற்றச் செய்க. வேகம் கூடுந்தோறும் நூல் விரலை மிகுதியாக இழுப்பதை மாணவர் உணர்வர். வேகத்தை அளந்தால் இழுப்பை அறியலாம் என்பதே ரூபின் அம்மையாரது ஆராய்ச்சியின் அடிப்படை.

இரண்டாவது, தடித்த அடிப்பாகம் கொண்ட கண்ணாடித் தம்ளரைக் கட்டம் போட்ட காகிதத்தின்மேல் வைத்து, மேலிருந்து நோக்கச் செய்க. நேர்க்கோடுகள் வளைந்து காணப்படும். கண்ணாடி எவ்வளவு தெளிவாயினும், கோடுகளின் திரிபு அது அங்கே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எடையால் ஒளி வளைவதும் இவ்வாறே என்று ஒப்பிட்டுக் காட்டலாம். கண்ணாடியில் ஒளி வளைவதற்குக் காரணம் வேறு, ஈர்ப்பில் வளைவதற்குக் காரணம் வேறு என்பதையும் உடன் கூறிவிடுக.

மூன்றாவது, நம் வீட்டு வாசலிலேயே உள்ள கலை. மாணவியர் இருவரைக் கரும்பலகையில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடச் சொல்க. கோடுகள் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும். பின்னர் புள்ளிகளை மட்டும் அழித்துவிட்டு, கோலம் போடும்போது வெளியே நின்ற மாணவர்களை அழைத்து, புள்ளிகள் எங்கெங்கே இருந்தன என்று குறிக்கச் சொல்க. பெரும்பாலும் சரியாகவே குறிப்பர். எவரேனும் புள்ளி இல்லாத இடத்திலும் ஒன்று வைப்பர். அப்பொழுது கடிந்துகொள்ளாமல், எந்தக் கோட்டைக் கொண்டு அவ்வாறு முடிவு செய்தார் என்று கேட்டறிதல் வேண்டும். அந்த உரையாடலே இச்சோதனையின் பயன்.

இறுதியாக, ஆசிரியர் கரும்பலகையில் நட்சத்திர மண்டலம் ஒன்றை வரையும்போது ஒரு வழக்கத்தை மேற்கொள்ளலாம். அளந்து அறிந்த பகுதியைத் தொடர்ச்சியான கோட்டாலும், கணக்கினால் ஊகித்த பகுதியைப் புள்ளிக் கோட்டாலும் வரைக. இருட்பொருளுக்கு வண்ணம் பூச வேண்டுமாயின், 'இந்நிறம் நாம் இட்டது' என்று பக்கத்தில் எழுதிவிடுக. என்னிடம் நிலக்கரியைப் பற்றிக் கேட்ட ஆசிரியைக்கு நான் பின்னர் எழுதிய விடையும் இதுவே. தம் வகுப்பில் ஒரு மாணவன் படத்தில் எதையுமே வரையாமல், மண்டலத்தைச் சுற்றிப் புள்ளிக் கோட்டால் பெரிய வட்டம் ஒன்றைப் போட்டு, உள்ளே 'எடை உண்டு. இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதிக் காட்டியதாக அவர் மறுமொழி எழுதியிருந்தார். பல வண்ணப் படங்களைக் காட்டிலும் அது உண்மைக்கு நெருங்கிய படம். பொழுது புலர்ந்து மலை தெரியும் நாள் வரும்போது, அதைக் கண்டு வியக்கவும், தம் வட்டம் எங்கே தவறியது என்று திருத்திக்கொள்ளவும் ஆயத்தமாக இருப்பவர்கள் அத்தகைய மாணவர்களே.